ஹெஸ்டர் ரெல்ஃப் ஆறு வாரம் தாங்க மாட்டாள்

ஆஷர்டேல் பள்ளத்தாக்கில் ஒரு சொல் புழங்கும். ஸ்டிக் இட் அவுட். இங்கிலீஷ் பேசுகிற எல்லாரும் சொல்வதுதான், எங்கள் கம்பர்லாந்து மலைக்காரர்கள் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. தமிழில் தாக்குப்பிடிப்பது என்றால் முக்கால்வாசி வந்துவிடும். மிச்சக் கால்வாசி என்னவென்றால், அந்தச் சொல்லில் ஜெயிப்பதைப் பற்றிப் பேச்சே கிடையாது. கஷ்டம் வந்து உட்கார்ந்துவிட்டது. அது தானாகச் சலித்து எழுந்து போகும் வரைக்கும் நீ எழுந்து போகக்கூடாது. அவ்வளவுதான் அதன் பொருள்.

எங்கள் ஆட்கள் அதை எடுத்தாளுகிற விதம்தான் விசேஷம். கஷ்டம் வருவதற்கு முன்னால் அடுத்தவரைப் பார்த்து நக்கலாகச் சொல்வார்கள்: இவன் எங்கே தாக்குப்பிடிக்கப் போகிறான்! கஷ்டம் நடந்துகொண்டிருக்கும்போது வாயையே திறக்க மாட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு, ஆள் அதற்குத் தகுதி என்றால், ஒரே ஒரு தடவை சொல்வார்கள். அதோடு சரி. நான் தாக்குப்பிடித்தேன் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிறவனை ஒரு வருஷத்துக்கு ஓட்டியே கொன்றுவிடுவார்கள்.

ஹெஸ்டரைப் பார்த்து அந்தச் சொல்லை முதலில் சொன்னவர் தாமஸ் பிர்க்கெட். ஹை கில் பண்ணைக்கு அடுத்த பண்ணைக்காரர். மனைவியை இழந்தவர், பிள்ளை கிடையாது, ஐம்பது வயது, வாய் மட்டும் இருபது வயது. 1941 ஏப்ரல், சண்டைக் காலம். ஆண்கள் பட்டாளத்துக்குப் போனதால் பண்ணை வேலைக்கு அரசாங்கம் பெண்களை அனுப்பியது. ஹை கில்லுக்கு வந்தவள் ஹெஸ்டர். இருபத்திரண்டு வயது, பச்சை ஸ்வெட்டர், புது பூட்ஸ், கையில் அட்டைப் பெட்டி. பாதையில் பிர்க்கெட் எதிர்ப்பட்டார்.

"எந்த ஊரும்மா?"

"ஓல்டாம்."

"அங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

"பஞ்சாலையில நூல் ஓட்டினேன்."

"இங்கயும் நூல் இருக்கு. அது ஆட்டு மேல இருக்கும். ஆடு மலை மேல இருக்கும். மலை மேல மழை இருக்கும்." பிர்க்கெட் அவளுடைய பூட்ஸைப் பார்த்தார். "ஆறு வாரம். அதுக்கு மேல நீ தாக்குப்பிடிக்க மாட்டே."

ஹெஸ்டர் பஞ்சாலையில் பதினாலு வயதிலிருந்து வேலை செய்தவள். அந்த இரைச்சலில் மேஸ்திரிகளோடு மல்லுக்கட்டியவள். "ஆறாவது வாரம் முடிஞ்சதும் வந்து பார்க்கறேன் மிஸ்டர் பிர்க்கெட், நீங்க இருக்கீங்களான்னு" என்றாள்.

சொன்னபடியே ஆறாவது வாரம் போய் நின்றாள். கையெல்லாம் கொப்புளம், முகமெல்லாம் காற்றில் வெடித்திருந்தது. பிர்க்கெட் அசரவில்லை. "இது வசந்தம். வசந்தத்துல பாட்டுப் பாடுறவளும் இருப்பா. நவம்பர் வரட்டும்" என்றார். நவம்பர் வந்தது. "கிறிஸ்துமஸ் வரட்டும்." அதுவும் வந்தது. "ஆடு குட்டி போடுற சமயம் வரட்டும், ரத்தத்தையும் சளியையும் பார்த்துட்டு ராவோட ராவா ரயில் ஏறிடுவா." அவள் அந்த ஏப்ரலில் முழங்கை வரைக்கும் கையை விட்டு நாற்பது குட்டிகளை வெளியே எடுத்தாள். 1943இல் அந்த வீட்டுப் பையன் எட்வின் ரெல்ஃபைக் கல்யாணமும் பண்ணிக்கொண்டாள். விருந்துக்கு வந்த பிர்க்கெட், ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் ரத்தப் பொரியலும் போட்டு வேகவைத்த சட்டியில் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளையின் காதில் சொன்னார்: "ஆறு வாரம்."

அவளுக்குக் கோபம் வந்த காலம் போய், அந்தச் சொல் காதில் விழாவிட்டால் அன்றைய நாள் நிறையாத காலம் வந்துவிட்டது. மலையில் எங்காவது எதிர்ப்பட்டால் அவளே முந்திக்கொண்டு கேட்பாள்: "இப்ப எதுவரைக்கும் கெடு?"

1946 அறுவடை முடிந்ததும் எட்வினின் அப்பா இறந்துபோனார். குத்தகை அவர் பேரில் இருந்தது. நிலம் எஸ்டேட்டுக்குச் சொந்தம். இதிலே எங்கள் மலை வழக்கம் ஒன்று உண்டு. பண்ணையை விடும்போது வீட்டோடு ஒரு மந்தையையும் சேர்த்து விடுவார்கள். ஹை கில்லுக்கு நூறு தாய் ஆடுகள். குத்தகைக்காரர் தன் ஆடுகள் எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். போகும்போதோ கைமாறும்போதோ அந்த நூறு நிற்க வேண்டும். காரணம் இருக்கிறது. எங்கள் மலைக்கு வேலி கிடையாது. தாய் மேய்ந்த இடத்தில் குட்டி மேயும், அந்தக் குட்டியின் குட்டி மேயும். தன் மலை எது, அடுத்தவன் மலை எது என்று ஆட்டுக்குத் தெரியும். சந்தையில் வாங்கி வந்து விட்டால் மறுநாள் காலையில் அது மூன்று பள்ளத்தாக்கு தள்ளி நிற்கும். மந்தை செத்தால் பண்ணை செத்தது.

எஸ்டேட் ஏஜண்ட் வந்து கறாராகப் பேசினார். மார்ச் கடைசியில் எண்ணிப் பார்ப்போம். நூறு நின்றால் குத்தகை எட்வின் பேருக்கு. குறைந்தால் ஹை கில்லை அடுத்த பண்ணையோடு சேர்த்துவிடுவோம். அடுத்த பண்ணை என்றால் பிர்க்கெட்.

பிர்க்கெட்டே வந்து சொன்னார். "நானும் கேட்டிருக்கேன். உங்க காதுக்கு வேற வழியா வர்றதுக்கு முன்னால நானே சொல்லிடறேன். உங்க மலை எனக்கு வேணும். ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்லை."

"எங்ககிட்ட நூத்தெண்பது இருக்கு மிஸ்டர் பிர்க்கெட். நூறு கேட்கறாங்க" என்றாள் ஹெஸ்டர். "ஆசைப்பட்டுக்கிட்டே இருங்க."

"ஆறு வாரம்" என்றார் பிர்க்கெட், தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு.

ஜனவரி நாலாவது வாரம் வானம் ஈயம் மாதிரி ஆனது. வழக்கமாக எங்களுக்கு மழையும் பனியும் மேற்கிலிருந்து கடல் வழியாக வரும். அன்றைக்குக் கிழக்கே இருட்டியது. அன்று காலையே எட்வின் முற்றத்துப் பாறையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டான். ஹெஸ்டர் பழைய கதவுப் பலகையைப் பிளந்து வைத்துக் கட்டி, அவனை அடுப்படிக் கட்டிலில் போட்டாள்.

"ஆட்டையெல்லாம் கீழே கொண்டுவா" என்றான் எட்வின், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு. "பெரிய மதிலோரம் போடு. ரெண்டு நாள் பனி, மூணாம் நாள் மழை. கரைஞ்சிடும்."

பள்ளத்தாக்கு முழுக்க அன்றைக்கு அதைத்தான் செய்தது. பாட்டன் காலத்திலிருந்து செய்ததும் அதுதான். பனி வருகிறது என்றால் மந்தையை மலை முகட்டிலிருந்து இறக்கி, காற்று படாத பக்கமாகக் கல் மதிலோடு ஒட்டி நிறுத்துவார்கள். தப்பே கிடையாது, பனி இரண்டு நாள் பெய்கிற வரைக்கும்.

ஹெஸ்டர் ஜிப் என்ற நாயோடு தனியாக ஏறினாள். மதியம் தாண்டுவதற்குள் மந்தை இறங்கிக்கொண்டிருந்தது. முகட்டுக்குக் கீழே பத்தொன்பது கிழட்டு ஆடுகள் மட்டும் திரும்பிக்கொண்டன. ஜிப் மடக்கியது, அவை பிரிந்து மேலே ஓடின. மறுபடி மடக்கியது. மறுபடி ஓடின. நாய்க்கு நாக்குத் தொங்கிவிட்டது. ஹெஸ்டர் ஓல்டாம் ஆலையில் கற்ற வசவு எல்லாவற்றையும் அந்தக் கிழங்களின் மேல் கொட்டித் தீர்த்தாள். அவை முகட்டில் ஏறி நின்று அவளைத் திரும்பிப் பார்த்தன. பனி விழ ஆரம்பித்தது. போய்த் தொலையுங்கள் என்று விட்டுவிட்டு மிச்சத்தோடு இறங்கினாள்.

கீழே பிர்க்கெட் இன்னும் பாதி மந்தையோடு திண்டாடிக்கொண்டிருந்தார். அவரை விட முன்னால் முடித்துவிட்டோம் என்ற மிதப்பு ஹெஸ்டருக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"எல்லாம் வந்துடுச்சா?" என்று கத்தினார் பிர்க்கெட்.

"ஒண்ணு விடாம!" என்று கத்தினாள் ஹெஸ்டர்.

வீட்டுக்கு வந்து எட்வினிடமும் அதையேதான் சொன்னாள். அவன் சிரித்தான். வலியோடு சிரித்த அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

பனி இரண்டு நாளில் நிற்கவில்லை. மூன்றாம் நாள் மழை வரவில்லை. கிழக்குக் காற்று முகட்டிலிருந்த பனியையெல்லாம் வாரிக்கொண்டு வந்து, காற்று படாத இடமாகப் பார்த்துக் கொட்டியது. காற்று படாத இடம் எது? மதிலோரம். ஏழடி மதில் ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. அந்த மதிலோரத்தில்தான் பள்ளத்தாக்கின் மொத்த மந்தையும் நின்றுகொண்டிருந்தது.

எல்லாரும் செய்த தப்பு ஒருவரையும் தனியாகச் சுடாது என்பார்கள். ஹெஸ்டரைச் சுட்டது. தன் கையால் ஓட்டிக் கொண்டுவந்து குழியில் தள்ளிவிட்டோம் என்று நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை வெளிச்சம் வந்ததும் மண்வெட்டியையும் ஒரு நீளக் கம்பையும் எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து ஏழு வாரம் அதுதான் அவளுடைய வேலை.

பனிக்குள் ஆடு கிடந்தால் அதன் மூச்சு மேலே வந்து, பனியில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை போடும். ஓரம் மஞ்சளாக இருக்கும். ஜிப் அதை மோந்து கண்டுபிடித்துப் பிறாண்டும். ஹெஸ்டர் கம்பைக் குத்திப் பார்ப்பாள். கல் என்றால் கிண் என்று கையில் அடிக்கும். ஆடு என்றால் மெத்தென்று இருக்கும். பிறகு தோண்டுவாள். ஒரு நாளைக்கு மூன்று கிடைக்கும், ஒரு நாளைக்கு ஒன்றும் கிடைக்காது, ஒரு நாளைக்குக் கிடைக்கும் நான்கும் செத்துக் கிடக்கும். உயிரோடு வந்ததை முதுகில் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு இறங்குவாள். இருக்கிற வைக்கோலில் ஒரு கைப்பிடி. பள்ளத்தாக்கு வழி மூடிவிட்டது. தீவனம் வராது, தபால் வராது, டாக்டர் வரமாட்டார். வீட்டில் ரேஷன் தேயிலையை மூன்றாம் முறையும் கொதிக்கவைத்துக் குடித்தார்கள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் பிர்க்கெட் தன் ஆடுகளைத் தோண்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் நாள் முழுக்க ஒருவர் கண்ணில் ஒருவர் படுவார்கள். அவர் பேசவில்லை. ஆறு வாரம் என்று ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. அதுதான் ஹெஸ்டரைப் பயமுறுத்தியது. அவர் வாயை மூடிவிட்டார் என்றால், நிஜமாகவே வந்துவிட்டது என்று அர்த்தம். ஒருநாள் அவளுடைய கம்பு முறிந்தது. அவர் தன் இரும்பு முனைக் கம்பை மதிலுக்கு மேலாக அவள் பக்கம் குத்தி நிறுத்திவிட்டு, வேறொன்று எடுத்துவர வீட்டுக்குப் போனார். அதற்கும் ஒரு வார்த்தை கிடையாது.

இருபத்து நாலாவது நாள். எட்வின் சொல்லிவிட்டான், "போதும் ஹெஸ்டர். இனிமே உயிரோட இருக்காது. உன் கையைப் பாரு." கையில் தோல் இருந்த இடத்தில் துணி இருந்தது.

"நீ காலைப் பார்த்துக்கோ. கையை நான் பார்த்துக்கறேன்" என்று போய்விட்டாள்.

அன்றைக்கு ஜிப் பிறாண்டிய இடத்தில் ஐந்தடி தோண்டியதும் ஒரு சின்ன அறை மாதிரி இருந்தது. ஆட்டின் மூச்சுச் சூட்டில் பனி உருகி, மறுபடி கண்ணாடியாக இறுகி, அதற்குள்ளே ஒரு தாய் ஆடு முழங்காலிட்டுக் கிடந்தது. இருபத்து நாலு நாள். விலாவில் ரோமமே இல்லை. தன் ரோமத்தைத் தானே தின்று உயிரை வைத்திருந்தது. வெளிச்சம் பட்டதும் காதை ஆட்டியது. ஹெஸ்டர் அந்தக் குழிக்குள்ளேயே உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பரிதாபத்தில் இல்லை. இப்படி ஒரு ஜீவன் என் மந்தையில் இருக்கிறதே என்ற பெருமையில் அழுதாள். அதுவரைக்கும் ஹை கில் அவள் புருஷன் வீடு. அன்றிலிருந்து அது அவளுடைய மலை.

மார்ச்சில் பனி ஒரே மூச்சாக உருகியது. வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போனதால் ஏஜண்ட் ஏப்ரல் முதல் வாரம்தான் வந்தார். பனியிலிருந்து உயிரோடு எடுத்தவற்றிலும் பாதிக்குப் பாதி இல்லாவிட்டாலும் நிறையவே பிறகு செத்துப்போயின. பட்டினி கிடந்த வயிறு பச்சைப் புல்லைத் தாங்கவில்லை. பட்டிக்குள் அவள் அடைத்துவைத்தது எண்பத்தெட்டு.

முதல்நாள் சாயங்காலமே எட்வினிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பத்தொன்பதை விட்டுவிட்டு வந்ததையும், பொய் சொன்னதையும். முகட்டில் அவை ஏழு வாரம் பிழைத்திருக்கும் என்று அவளும் நினைக்கவில்லை, அவனும் நினைக்கவில்லை. "பன்னெண்டு குறையுது" என்றான் எட்வின். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

ஏஜண்ட் எண்ணினார். திருப்பி எண்ணினார். நல்ல மனிதர்தான், குரலைத் தணித்துக்கொண்டார். "எண்பத்தெட்டு மிஸஸ் ரெல்ஃப். பள்ளத்தாக்கிலேயே இதுதான் அதிகம். ஆனா எஸ்டேட் என்கிட்ட கேட்கறது நூறு."

ஹெஸ்டர் தலையை நிமிர்த்தித்தான் நின்றாள். அப்போதுதான் பாதையில் விசில் சத்தம் கேட்டது. பிர்க்கெட்டின் விசில். முன்னால் அவர் நாய், நாய்க்கு முன்னால் ஆடுகள். எலும்பும் தோலுமாக, கண் மட்டும் பெரிதாக, திமிர் குறையாமல் வந்துகொண்டிருந்தன. இடது தோளில் குறுக்கே சிவப்புப் பட்டை, வலது காது நுனியில் வெட்டு. ஹை கில் குறி. பத்தொன்பது.

பிர்க்கெட் பட்டியின் படலைத் திறந்து உள்ளே விட்டார். முந்நூறு ஆடு வைத்திருந்த மனுஷன். அன்றைக்கு அவரிடம் மிஞ்சியது எழுபத்திரண்டு. தன் ஆடு ஏதாவது பிழைத்திருக்குமா என்று தேடிக்கொண்டு முகடு முகடாக ஏறியிருக்கிறார். அவருடையது ஒன்றும் இல்லை. இவை நின்றன.

"ஒண்ணு விடாமன்னு சொன்னியே?" என்றார் ஹெஸ்டரைப் பார்த்து.

"சொன்னேன்."

"பொய்யி."

"பொய்தான்."

"பட்டணத்துப் பொய்யா இருந்தாலும் நல்ல பொய்யி. காத்து முகட்டுல பனியை நிக்கவே விடலை. மொட்டைப் புல்லை நக்கிக்கிட்டு ராஜாவாட்டம் நின்னிருக்குதுங்க. மதிலோரம் போட்ட புத்திசாலிங்க நாமதான் புதைச்சோம்."

ஏஜண்ட் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எங்கள் வழக்கம் தெரியும். வழி தவறிய ஆட்டை நவம்பர் மாதம் ஆட்டுக்காரர் கூட்டத்தில் கொண்டுவந்து குறி பார்த்து உரியவரிடம் கொடுக்க வேண்டும். நவம்பர் வரைக்கும் பிர்க்கெட் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் ஒருத்தரும் ஒரு சொல் சொல்லியிருக்க முடியாது. ஏப்ரலில் ஹை கில் அவர் கைக்கு வந்திருக்கும். நவம்பரில் அந்தப் பத்தொன்பதும் அவருடைய மலையில்தான் மேய்ந்திருக்கும்.

"மிஸ்டர் பிர்க்கெட்," என்றார் ஏஜண்ட், "நவம்பர்ல கொண்டுவந்திருக்கலாமே?"

"கொண்டுவந்திருக்கலாம்."

"இந்தப் பண்ணையை நீங்க எழுதிக் கேட்டிருந்தீங்களே."

"கேட்டேன். இப்பவும் வேணும்தான்." பிர்க்கெட் ஒரு ஆட்டின் காதைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். "காதுல அவ வீட்டுக் குறி இருக்கே. அதை நான் என்ன பண்றது?"

ஏஜண்ட் நோட்டில் நூற்றேழு என்று எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் பேச்சை இழுத்தார். எட்வின் காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பான் என்று ஆகிவிட்டது. மலை ஏறப்போவது இந்த ஆலைக்காரப் பெண்தான். "மந்தை சரி. ஆனா இந்தம்மா இதைத் தனியா... தாக்குப்பிடிப்பாங்களா?"

பள்ளத்தாக்கில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உரிமையுள்ள ஆள் ஒருத்தர்தான். ஆறு வருஷமாக அதையே கேட்டுக்கொண்டிருந்தவர்.

"பிடிப்பாளாவா?" என்றார் பிர்க்கெட். அவர் ஏஜண்டைப் பார்க்கவில்லை, ஹெஸ்டரையும் பார்க்கவில்லை, மதிலைப் பார்த்தார். "பிடிச்சுட்டா."

ஹெஸ்டருக்குக் காது சிவந்துபோயிற்று. ராஜா கையால் பதக்கம் வாங்கியிருந்தாலும் அவளுக்கு அப்படி நெஞ்சு விம்மியிருக்காது. நன்றி சொன்னாளா என்றால் இல்லை. இங்கே அந்தச் சொல்லுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. "டீ போடறேன். மூணாம் தடவை கொதிச்சதுதான்" என்றாள். ஏஜண்ட் மறுத்துவிட்டார். பிர்க்கெட் இரண்டு கோப்பை குடித்தார்.

அதற்கப்புறம் ஹை கில் மலையை ஹெஸ்டர்தான் ஏறினாள். எட்வின் கீழே கொட்டகையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டான், இரண்டு மகள்களை வளர்த்தான், பள்ளத்தாக்கிலேயே நன்றாக ரொட்டி சுடுகிறவன் என்று பேர் வாங்கினான். ஹெஸ்டரின் கடாக்கள் மூன்று வருஷம் தொடர்ந்து கண்காட்சியில் பரிசு வாங்கின. பனிக்காலத்தில் வானம் கிழக்கே இருட்டினால் பண்ணைக்காரர்கள் தங்கள் மந்தையைத் தொடுவதற்கு முன் ஹை கில் பக்கம் பார்ப்பார்கள். அவள் இறக்கினால் இறக்குவார்கள். அவள் முகட்டிலேயே விட்டுவிட்டால் அவர்களும் கையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். பட்டணத்தாள் என்று சொல்வதை மட்டும் யாரும் விடவில்லை. விட்டிருந்தால் அவளே கேட்டிருப்பாள்.

பிர்க்கெட் மந்தையை மறுபடி உண்டாக்கப் பத்து வருஷம் ஆயிற்று. முதல் வருஷம் ஹெஸ்டர் அவருக்கு முப்பது பெட்டைக் குட்டிகளைக் கொடுத்தாள். அந்த இரண்டு மலைக்கும் நடுவில் அவை குழம்பிப்போய் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டே இருந்தன. தினமும் காலையில் இருவரில் ஒருவர் ஓட்டிக்கொண்டு போய் விட்டு வருவார்கள். ஒருவரிடம் ஒருவர் வாங்குகிற திட்டில் பாதியை அப்போதுதான் வாங்கிக்கொள்வார்கள்.

1968 செப்டம்பரில் பிர்க்கெட்டுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. எழுபத்தேழு வயது. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் மெல்லிய குரலில் பேசினார்கள், ஜெல்லி கொண்டுவந்தார்கள், தலையணையைச் சரிசெய்தார்கள். ஹெஸ்டர் பூட்ஸோடு உள்ளே வந்தாள். பிர்க்கெட் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தார். சாப்பாட்டுத் தட்டு தொடாமல் இருந்தது.

"போதும் ஹெஸ்டர்" என்றார். பாதி வாய்தான் அசைந்தது. "போதும்."

கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்லலாம் என்றுதான் வந்திருந்தாள். அந்தச் சுவரையும் அந்தத் தட்டையும் பார்த்தாள். பிறகு கட்டிலின் கால்மாட்டில் போய் நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, இருபத்தேழு வருஷத்துக்கு முன் தன் பூட்ஸைப் பார்த்தாரே, அதே மாதிரி அவரை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"ஆறு வாரம்" என்றாள். "அதுக்கு மேல நீங்க தாக்குப்பிடிக்க மாட்டீங்க."

பிர்க்கெட் தலையைத் திருப்பினார். அந்தக் கண்ணில் வந்த கோபத்தை வைத்து ஒரு கொட்டகையையே கொளுத்தியிருக்கலாம்.

"வெளிய போடி" என்றார்.

ஆறாவது வாரம் சனிக்கிழமை ஹெஸ்டர் போனபோது, ஜன்னலோர நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். கோட்டுப் போட்டு, தொப்பி வைத்து, பூட்ஸும் மாட்டியிருந்தார். ஒற்றைக் கையால் பூட்ஸ் கயிற்றைக் கட்ட அவருக்குக் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் ஆகியிருக்கிறது. அவள் உள்ளே வந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"லேட்டு" என்றார்.

"இது இலையுதிர் காலம். யாரு வேணும்னாலும் இருப்பாங்க" என்றாள் ஹெஸ்டர், சட்டியை மேஜை மேல் வைத்துக்கொண்டே. "கிறிஸ்துமஸ் வரட்டும்."

கிறிஸ்துமஸ் வந்தது. குட்டி போடும் காலம் வந்தது. ரோமம் வெட்டும் காலம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் புதுக் கெடு வைத்தாள், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தாண்டினார். இரண்டாம் வருஷம் தடியூன்றி மதில் வரைக்கும் நடந்தார். மூன்றாம் வருஷம் ஆட்டுக்காரர் கூட்டத்துக்கு வண்டியில் வந்து, காதுக் குறி பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். நாலு வருஷம் இப்படியே ஓடியது.

கடைசி இரண்டு மாதம் அவர் படுக்கையை விட்டு எழவில்லை. ஹெஸ்டர் தினமும் போனாள். முகம் துடைத்துவிட்டாள், கஞ்சி புகட்டினாள், மலையில் நடந்ததைச் சொன்னாள். கெடு மட்டும் வைக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. பிர்க்கெட்டுக்கு அது புரிந்துவிட்டது. ஒருநாள் இடது கையை நீட்டி அவள் கையின் மேல் வைத்தார். மண்வெட்டி போட்ட தழும்பு அதில் இன்னும் இருந்தது.

1972 நவம்பரில் அவரை அடக்கம் செய்தார்கள். பள்ளத்தாக்கு முழுக்க வந்திருந்தது. பாதிரியார் தன் பங்குக்குச் சொன்னார். மண் தள்ளி முடிந்தது. ஆனாலும் ஒருத்தரும் நகரவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் ஒன்றுக்காகக் காத்திருந்தார்கள். அது யார் வாயிலிருந்து வர வேண்டும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஹெஸ்டர் ஒரு எட்டு முன்னால் வந்தாள். அவள் குழியைப் பார்க்கவில்லை. மேலே முகட்டைப் பார்த்தாள்.

"பிடிச்சுட்டாரு" என்றாள்.

அப்புறம்தான் ஆண்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டார்கள்.